இளையோர் நாவல் பாதியில் நிற்கிறது, கடலூர்க்காரர்கள் உதவுங்கள்

கதை நடப்பது 2091இல், கடலூரில். வழிபாட்டுக்குத் தடை, தேவாரம் முணுமுணுத்தாலே கைது. நாயகிக்கு 17 வயது, தேவனாம்பட்டினம் மீனவப் பெண். அவள் காதலன் கடற்கரைக் காவல் கோபுரத்தில் வேலை பார்க்கிறான். கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லும் கரையேறவிட்டகுப்பத்தில்தான் ரகசியக் கூட்டம். அந்த இடத்தை மாற்ற மாட்டேன்.

சிக்கல் இதுதான்: படகில் வருபவர்களை அவள் கரையிலிருந்து பட்டப்பகலில் எச்சரிக்க வேண்டும். போன் கண்காணிப்பில் இருக்கிறது. மணி, பறை எழுதிப் பார்த்தேன், காவலனுக்கும் கேட்குமே. கொடியில் சிவப்புச் சேலை காயப்போட்டேன், "சினிமா மாதிரி இருக்கு" என்றாள் தோழி. சரிதான். அப்புறம் காதலனே எச்சரிப்பதாக மாற்றினால் இவள் பொம்மையாகிவிடுகிறாள்.

போன் வருவதற்கு முன், கரையில் இருப்பவர்கள் கடலில் இருக்கும் படகுக்கு எப்படிச் சைகை காட்டினார்கள்?