ஐ.ஈ.எல்.ரி.எஸ். போட்டோக்கொப்பிக் கட்டுகள்: கண்டதும் கவனிக்க வேண்டியதும்

சுன்னாகம் ரீச்சர்:
ஐ.ஈ.எல்.ரி.எஸ். எண்ட ஆங்கிலப் பரீட்சைக்குப் பிள்ளையள் கொண்டுவாற மாதிரித்தாள் கட்டைப் புரட்டினாலே முதல் பிழை தெரியும். கனடா பீ.ஆருக்கு, அதாவது நிரந்தர வதிவிடத்துக்குப் போடுறவருக்கு வேண்டியது ஜெனரல் எண்ட வகை. கையில இருக்கிறது மேல்படிப்புக்கான அக்கடமிக். லிசினிங்கும் ஸ்பீக்கிங்கும் ரெண்டுக்கும் ஒண்டுதான். றீடிங்கும் றைற்றிங் முதல் கேள்வியும் வேறை: அக்கடமிக்கில் வரைபட விவரிப்பு, ஜெனரலில் கடிதம். புள்ளிக் கணக்கும் அப்பிடித்தான். றீடிங்கில் 40க்கு 30 சரியெண்டால் அக்கடமிக்கில் பாண்ட் எண்ட தரப்புள்ளி 7 மட்டில் வரும், ஜெனரலில் 6தான். அட்டவணையை மாறிப் பார்த்திட்டு, பெறுபேறு வந்தாப் பிறகு தலையில கை வைக்கிறவை கனபேர்.

திருநெல்வேலிச் சந்தி:
கட்டு வாங்கேக்க கடைசிப் பக்கங்களைப் பாருங்கோ. விடையளும் லிசினிங் உரையாடலின்ர எழுத்து வடிவமும் பின்னுக்குத்தான் இருக்கும். பக்கம் குறைக்க வெட்டுறதும் அதைத்தான். எழுத்து வடிவம் இல்லாத லிசினிங் தாள் பாதிக் காசுக்கும் பெறாது. முதல்தரம் ஒலிப்பதிவை ஒருக்கா மட்டும் போடுங்கோ, நிப்பாட்டக் கூடாது. திருத்தினாப் பிறகு எழுத்தை வாசிச்சுக்கொண்டு திரும்பக் கேளுங்கோ. ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில காரணம் எழுத வேணும்: காதில விழேல்லையா, எழுத்துப் பிழையா, பன்மை ‘எஸ்’ விட்டதா, ரெண்டு சொல் கேட்ட இடத்தில மூண்டு எழுதினதா. கடைசி மூண்டுக்கும் காதில குறையில்லை, கவனம்தான் காணாது. பதின்மூண்டு, முப்பது குழப்பம் மட்டும் தனிப் பயிற்சி.

கேம்பிரிட்ஜ் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பயிற்சிப் புத்தகம் ஒண்டில் 4 முழுத் தாள். நாலு நாளில முடிச்சுப்போட்டு அடுத்த புத்தகம் தேடாதேங்கோ. ஒரு நாள் செய்தால் அடுத்த ரெண்டு நாளும் திருத்தத்துக்கு.

வடமராட்சியான்:
கலியாணம் முடிச்சு லண்டன் போற தங்கச்சிமாருக்கும் இந்தக் கட்டைத்தான் தலையில கட்டுகினம். துணையின்ர முதல் விசாவுக்கு லைஃப் ஸ்கில்ஸ் ஏ1 எண்ட தொடக்கநிலை ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சை போதும். அதில வாசிப்பும் இல்லை, எழுத்தும் இல்லை. இன்னொரு பரீட்சார்த்தியோட சேர்ந்து 16–18 நிமிசம் கதைக்கிறதும் கேட்கிறதும்தான். பாண்டும் இல்லை, சித்தி, இல்லாட்டி சித்தியில்லை.

சுன்னாகம் ரீச்சர்:
வடமராட்சியான் சொன்னது சரி. இன்னொண்டு, பேப்பரில் எழுதுற வசதி உங்கட இடத்தில இருந்தால், பேப்பரா கொம்பியூட்டரா எண்டு முதல் தீர்மானியுங்கோ. பேப்பரில் லிசினிங் முடிய விடை மாத்தி எழுத 10 நிமிசம். கொம்பியூட்டரில் சரிபார்க்க 2 நிமிசம்தான். றீடிங்குக்கு ரெண்டிலயும் 60 நிமிசத்துக்கு மேல ஒண்டும் இல்லை.

றைற்றிங் ரெண்டாம் கேள்விக்கு முதலாவதைவிட இரட்டிப்புப் பெறுமதி, 250 சொல், 40 நிமிசம். மாதிரிக் கட்டுரையைப் பாடமாக்கி எழுதினால் பரீட்சகருக்குத் தெரிஞ்சுபோம். பேப்பரில் எழுதுறவை தங்கட கையெழுத்தில ஒரு வரிக்கு எத்தினை சொல் எண்டு எண்ணி வையுங்கோ. வரிக்குப் பத்தெண்டால் 25 வரி. பரீட்சையில குந்தியிருந்து சொல் எண்ண நேரமில்லை.