பயோசார் உலை: காப்புரிமை முதலிலா, கம்பெனி முதலிலா?

கேள்வி:
கொட்டாங்குச்சியிலிருந்து பயோசார் (மண்ணை வளப்படுத்த இடும் கரி) எடுக்கும் உலை ஒன்றை, கல்லூரி விரிவுரையாளரான நண்பருடன் சேர்ந்து பொள்ளாச்சியில் வடிவமைத்திருக்கிறேன். அடுத்த மாதம் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்துவிட்டு, ஒரு கண்காட்சியில் உலையை வைக்க எண்ணியுள்ளோம். காப்புரிமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பதில் 1:
வேண்டாம், ஐயா. விண்ணப்பிக்கும் முன்பே பொதுவில் காட்டினால், புதுமை போய்விட்டதென்று காப்புரிமை மறுக்கப்படலாம். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு கண்காட்சிக்கென 12 மாத அவகாசம் தருவது உண்மைதான். ஆனால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கே அது பொருந்தும், ஊர்க் கண்காட்சிகளுக்கு அன்று. தற்காலிக விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பை விவரிக்கும் முதற்கட்ட ஆவணம்) முதலில் தாக்கல் செய்தால், முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் கிடைக்கும்.

பதில் 2:
தேதியைவிட, உரிமை யாருடையது என்பதே பெரிய சிக்கல். கம்பெனி பதிவானதாலேயே கண்டுபிடிப்பு அதற்குச் சொந்தமாகிவிடாது. 68ஆம் பிரிவின்படி எழுத்துவடிவ உரிமை மாற்றப் பத்திரம் வேண்டும். எங்களிடம் முதலீட்டாளரின் வழக்கறிஞர் கேட்ட முதல் தாளே அதுதான். அதற்குள் ஒரு கூட்டாளி பிரிந்து வெளிநாடு சென்றுவிட்டதால், ஒரேயொரு கையெழுத்துக்காக நான்கு மாதம் அலைந்தோம்.

கேள்வி கேட்டவர்:
கரியின் சாம்பல் அளவைக் கல்லூரி ஆய்வகத்தில்தான் சோதித்தோம். அதுவும் சிக்கலா?

பதில் 2:
ஆகலாம். நண்பரின் பணி ஒப்பந்தத்தையும் கல்லூரியின் அறிவுசார் சொத்துக் கொள்கையையும் படித்துவிட்டு, கல்லூரி உரிமை கோராது என்ற தடையின்மைக் கடிதத்தை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். முதல்வரின் வாய்மொழி போதாது. வெளிநாட்டிலும் விண்ணப்பிப்பதானால், இந்தியாவில் தாக்கல் செய்து ஆறு வாரமாவது காத்திருக்க வேண்டும், அல்லது 39ஆம் பிரிவின்கீழ் முன்அனுமதி பெற வேண்டும்.