தொண்டு அமைப்புக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர்களே, இன்னும் உறுத்துகிற ஒன்றைச் சொல்லுங்கள்

பென்சில்முனை:

நானே ஆரம்பிக்கிறேன். குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குக் காசு வாங்காமல் செய்து கொடுத்த சைட். யார் கேட்டார்கள், எப்படி மாட்டிக்கொண்டேன் என்பதெல்லாம் நம் எல்லோருக்கும் ஒரே கதைதான், விடுங்கள். முகப்பில் பெரிய படம், அதன்மேல் ஒரு வரி, அதற்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் 'நன்கொடை அளிக்க' பட்டன். படத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் முன்பல் இரண்டும் இல்லாமல் சிரிக்கிறான். அவர்கள் அனுப்பிய நூற்றுச் சொச்சம் படங்களில் நான் தேடிப் பொறுக்கியது.

சைட் வெளியான அன்று நேரில் போயிருந்தேன். லேப்டாப்பில் எல்லோரும் பார்த்து முடித்தபிறகு, அந்தப் பையனே என் போனை வாங்கிப் பார்த்தான். லேப்டாப்பில் இடது ஓரம் ஒதுங்கி நிற்கிற பட்டன், போன் திரையில் நடுவுக்கு வந்துவிடும். வந்து, அச்சுப் பிசகாமல் அவன் வாய்மேல் உட்கார்ந்திருந்தது.

"அண்ணா, என் வாயை மூடிட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கேயே உட்கார்ந்து பட்டனைக் கீழே இறக்கி, இப்போ பாரு என்று காட்டினேன். பார்த்தான். பிறகு இன்னொன்று கேட்டான். அதை எழுத இப்போது கை வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

நடுநிசி_கோடர்:

எனக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி.

வீட்டில் அடி உதை தாங்காமல் மீட்கப்பட்ட பிள்ளைகள் தங்கும் விடுதி. பெற்றவர்களே தேடி வந்து கலாட்டா செய்வார்கள் என்பதால், முகவரி எங்கேயும் வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நான் அதில் குறை வைக்கவில்லை. தொடர்புப் பக்கத்தில் அஞ்சல் பெட்டி எண் மட்டும். பெயர்ப்பலகை தெரிந்த படத்தை வெட்டினேன். பின்னணியில் விளக்குக் கம்பத்தின் எண் தெரிந்தது, அதைக்கூட அழித்தேன். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

நாலு மாதம் கழித்து, பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று புகார். எந்தப் படம் கனம் என்று பார்க்க அசல் ஃபைல் ஒன்றை இறக்கி அதன் விவரங்களைத் திறந்தேன். எந்த போன், எத்தனை மணி, அதற்குக் கீழே அட்சரேகை, தீர்க்கரேகை. அந்த எண்களை வரைபடத்தில் ஒட்டினேன். குறி நேராகப் போய் ஒரு மொட்டைமாடியில் நின்றது. பெரிதாக்கினால் மூலையில் வட்டமாக இரண்டு கறுப்புத் தொட்டிகள். அந்தத் தொட்டி நிழலில் உட்கார்ந்துதான் அந்தப் படத்தை நான் எடுத்தேன். ஆமாம், நானேதான், என் போனில்.

போனில் இருப்பிடம் இயங்கிக்கொண்டிருந்தால் கேமரா அந்த எண்களைப் படத்துக்குள்ளேயே எழுதி வைத்துவிடும். எனக்குத் தெரியாததா? தெரியும். சமூக ஊடகங்கள் பெரும்பாலும் அதை நீக்கிவிட்டு வெளியிடும், அந்தப் பழக்கத்தில் நம் சர்வரும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். அந்த சைட்டை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ், 2019-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, 2560 பிக்சலைத் தாண்டும் படத்தைச் சிறிதாக்கி, ஃபைல் பெயரின் கடைசியில் 'ஸ்கேல்டு' என்று ஓர் ஒட்டுப் போட்டுக் காட்டுகிறது. அசலைத் தூக்கிப் போடுவதில்லை. படத்தின் இணைய முகவரியில் அந்த ஒட்டை மட்டும் அழித்தால் அசல் வந்து நிற்கும்.

நாலு மாதம் அப்படியே கிடந்திருக்கிறது. யாராவது எடுத்தார்களா என்று சர்வர் பதிவுகளைத் தோண்டினேன். அங்கே முப்பது நாளுக்கு முந்தைய பதிவு எதையும் வைத்திருப்பதில்லை.

கூட்டல்கழித்தல்:

நான் உங்கள் எதிர்ப்பக்கத்து ஆள். சைட் செய்து தரச்சொல்லி உங்கள் உயிரை வாங்குகிற கூட்டம். கணக்கு பார்க்கிறேன்.

விடியற்காலை ஐந்தரைக்கு எங்கள் இயக்குநர் போன் செய்தார். "நம்ம சைட் எங்கேயோ போயிடுச்சும்மா, ராத்திரி மட்டும் நானூறு பேர் கொடுத்திருக்காங்க!" சந்தோஷத்தில் குரல் உடைந்துபோயிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பட்டியலைத் திறந்தேன். எல்லாம் ஒரே தொகை, படிவம் ஏற்றுக்கொள்கிற ஆகக் குறைந்த தொகை. நாலைந்து நொடிக்கு ஒன்று. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் விசைப்பலகைமேல் பூனை நடந்த மாதிரி எழுத்துகள்.

திருடிய கார்டு எண்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று எங்கள் படிவத்தில் போட்டுச் சோதித்திருக்கிறார்கள். இந்த வேலைக்கு நன்கொடைப் படிவம் மாதிரி வசதி வேறு கிடையாது. பொருள் அனுப்ப வேண்டியதில்லை, எவ்வளவு சின்னத் தொகையானாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளும். அத்தனையையும் திருப்பிக் கொடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் பணம் வாங்கித் தரும் நிறுவனம் பிடித்த கட்டணம் திரும்பி வரவில்லை. கார்டுக்காரர்கள் புகார் கொடுத்தவற்றுக்குத் தனி அபராதம். எங்கள் பணக் கணக்கையே மூன்று வாரம் நிறுத்தி வைத்தார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. நான் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் இயக்குநர் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கரும்பலகையில் 400 என்று பெரிதாக எழுதி, சுற்றிலும் வண்ணச் சாக்குக்கட்டியில் பூ வரைந்து வைத்திருந்தார்கள். அதை யார் அழிப்பது?

அப்புறம் பென்சில்முனைக்கு ஒன்று. பையன் சிரித்தான், பட்டனையும் நகர்த்திவிட்டீர்கள், இதில் உறுத்த என்ன இருக்கிறது? முகம் இல்லாத சைட்டில் யாரும் பணம் போடுவதில்லை. நாங்கள் ஓர் ஆண்டு முழுக்க ஓவியங்களை மட்டும் போட்டுப் பார்த்தோம். ரொம்ப அழகாக இருக்கிறது என்று மெயில் வந்தது. பணம் வரவில்லை.

வலைக்குருவி:

கூட்டல்கழித்தல், உங்கள் கரும்பலகைக் கதையைப் படித்து எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் கடைசிப் பத்தியை ஒத்துக்கொள்ள முடியாது.

என் கதை சின்னது. படங்களுக்கு ஒப்புதல் வேண்டும் என்று கேட்டேன். மறுநாளே 60 படிவங்கள் வந்தன, ஸ்கேன் செய்யச்சொல்லி. அறுபதிலும் ஒரே ஆள் கையெழுத்து, ஒரே தேதி, ஒரே நீலப் பேனா. முதல் தாளில் கையெழுத்து முழுசாக இருந்தது. இருபதாவதில் பாதிப் பெயர். ஐம்பதைத் தாண்டும்போது வெறும் கோடு, மை வேறு தீர்ந்துகொண்டிருந்தது. 'குழந்தையிடம் விளக்கப்பட்டது' என்ற கட்டத்தில் அறுபதிலும் சரிக்குறி. நான் ஒன்றும் பேசாமல் ஸ்கேன் செய்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989-இல் வந்தது. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்ல குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது 12ஆம் பிரிவு. 16ஆம் பிரிவு அந்தரங்கம் பற்றியது. நன்கொடை வராவிட்டால் இவற்றைத் தள்ளிவைக்கலாம் என்று அதில் எங்கேயும் இல்லை. ஓவியம் போட்டால் பணம் வரவில்லை என்கிறீர்கள். ஓவியம்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? அதே ஆண்டு வேறு எதையும் மாற்றவில்லையா? முகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முகத்தில் சோகம் வழிகிற படத்தைத் தேடி எடுத்து அதன்மேல் 'உங்களால் மட்டுமே முடியும்' என்று எழுதுகிற பழக்கத்தைச் சொல்கிறேன். கையின் படம், முதுகுப்பக்கப் படம், பிள்ளைகள் செய்த பொருளின் படம், வேலை பார்க்கிற பெரியவர்களின் முகம், இத்தனை இருக்கிறது. பெயரை மாற்றிப் போட்டுவிட்டோம் என்று சமாதானம் சொல்வார்கள். பள்ளிச் சீருடையும் முகமும் தெரிகிற படத்துக்குப் பெயரை மாற்றி என்ன பயன்? படத்தை வைத்தே படத்தைத் தேடுகிற வசதி எல்லோர் கையிலும் இருக்கிறது.

கூட்டல்கழித்தல்:

பிரிவு எண்ணைச் சொல்லி மின்கட்டணம் கட்ட முடியாது, வலைக்குருவி. ஓவியம் போட்ட ஆண்டு வேறு எதையும் மாற்றவில்லை. சரி, படிவத்தின் எழுத்துரு மாறியது. அதுதான் காரணமா?

ஆனால் அந்த நீலப் பேனா... எங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒரு கட்டு இருக்கிறது. இன்று எடுத்துப் பார்த்தேன். இப்போதைக்கு இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசி_பெஞ்ச்:

சண்டைக்கு நடுவே என்னுடையதையும் போட்டுவிடுகிறேன். வீட்டில் துன்புறுத்தப்படும் குழந்தைகள் உதவி கேட்பதற்கான சைட். எல்லாப் பக்கத்திலும் வலது மேல் மூலையில் 'சட்டென வெளியேறு' என்று சிவப்புப் பட்டன். யாராவது அறைக்குள் வந்துவிட்டால் அமுக்கலாம், உடனே வானிலைப் பக்கம் வந்துவிடும். இந்த மாதிரி சைட்டுகளில் இது வழக்கம்தான், உங்களுக்குத் தெரியும்.

சோதனைக்கு வந்தவர்களில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. நான் அமுக்கிக் காட்டினேன். வானிலை வந்தது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை. அவள் போனை வாங்கி, பின்னால் போகிற அம்புக்குறியைத் தொட்டாள். திரை முழுக்கப் பெரிய எழுத்தில் 'உன்னை யாராவது அடிக்கிறார்களா?' என்று எங்கள் பக்கம் திரும்பி வந்தது.

"எங்க வீட்ல முதல்ல இதைத்தான் தொட்டுப் பார்ப்பாங்க" என்றாள். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள், பொத்தான் அறுந்துவிட்டது என்று சொல்வதுபோல.

புதுப் பக்கத்தைச் சும்மா திறக்காமல், இருக்கிற பக்கத்தின் இடத்திலேயே மாற்றி வைக்கிற கட்டளை ஒன்று ஜாவாஸ்கிரிப்டில் உண்டு. அதைப் போட்டால் அம்புக்குறி எங்கள் பக்கத்துக்கு வராது. ஆனால் அது கடைசிப் பக்கத்தை மட்டும்தான் மாற்றும். அதற்குமுன் அவள் நாலு பக்கம் பார்த்திருந்தால் அந்த நாலும் வரிசையில் நிற்கும். கடைசியில் மொத்த சைட்டையும் ஒரே பக்கமாக மாற்றினோம். அப்போதும் உலாவியின் வரலாற்றில் தடம் இருக்கும், அதை அழிப்பது எப்படி என்று மேலேயே எழுதிவைத்தோம். பொறுப்பாகச் செய்துமுடித்தோம் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அவள் அதைச் சொன்ன விதம் போகமாட்டேன் என்கிறது.

ஓய்வுபெற்ற_சர்வர்:

தம்பி தங்கைகளே, எல்லோரும் படத்தையும் பட்டனையும் பேசுகிறீர்கள். நான் செய்து கொடுத்த சைட்டின் டொமைன், அதாவது அதன் இணையப் பெயர், ஒரு தன்னார்வலப் பையன் பெயரில், அவனுடைய கல்லூரி மெயிலில் இருந்தது. படிப்பு முடிந்ததும் மெயிலும் முடிந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த எச்சரிக்கைகளை யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் நன்கொடையாளர் ஒருவர் போன் செய்து, உங்கள் பக்கத்தில் சூதாட்டம் ஓடுகிறதே என்றார். அவ்வளவுதான் என் கதை.

ஆகவே கவனியுங்கள். டொமைன் எப்போதும் அமைப்பின் பெயரில் இருக்கவேண்டும், உங்கள் பெயரில் கூடாது. மெயில், பதவிக்கானதாக இருக்கட்டும், ஆளுக்கானதாக வேண்டாம். டாட் காம், டாட் ஆர்க் போன்றவற்றை 10 ஆண்டு வரைக்கும் ஒரே மூச்சில் புதுப்பித்து வைக்கலாம். காலாவதியானால் உடனே போய்விடாது. சலுகை நாட்கள் முடிந்து நீக்கப்பட்டபின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கூடுதல் பணம் கேட்பார்கள், கொடுத்து மீட்கலாம். அதுவும் போனால் 5 நாள் காத்திருப்பு, அதன்பின் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள். தொண்டு அமைப்பின் முகவரி என்றால் நல்ல பெயர் சேர்ந்திருக்கும், அதற்காகவே காத்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நிர்வாகக் கணக்கு குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். விலகிப் போகிறவரின் கணக்கை அன்றே மூடுங்கள். காப்புப் பிரதி எடுத்தால் போதாது, அதிலிருந்து ஒருமுறை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பிரதி இருந்தும் இல்லாத மாதிரிதான். நன்கொடைப் படிவத்தில் குறைந்தபட்சத் தொகையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், ஒரே இடத்திலிருந்து நிமிடத்துக்கு இத்தனைதான் என்று கட்டுப்படுத்துங்கள். கூட்டல்கழித்தல் அம்மாவுக்கு இது பயன்படும்.

பென்சில்முனை, உங்கள் ஆரஞ்சுப் பட்டனில் எழுத்து வெள்ளைதானே? சாதாரண அளவு எழுத்து என்றால், எழுத்தின் நிறத்துக்கும் பின்னணி நிறத்துக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும். பெரும்பாலான ஆரஞ்சில் வெள்ளை எழுத்து தேறாது. சோதித்துப் பாருங்கள்.

கடைசி_பெஞ்ச்:

ஐயா, டொமைனைப் பற்றி இங்கே யாருமே கேட்கவில்லையே. :)

ஓய்வுபெற்ற_சர்வர்:

கேட்கமாட்டார்கள். அதுதான் பிரச்சினை.

பென்சில்முனை:

வெள்ளை எழுத்துதான் ஐயா. தேறாது, எனக்கே தெரியும்.

கூட்டல்கழித்தல் மேடம், உறுத்த என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். பட்டனை நகர்த்திக் காட்டியபிறகு அவன் கேட்டது இது: "இது எப்போ வரைக்கும் இருக்கும்ணா?"

அவன் ஆசையாகக் கேட்கிறான் என்று நினைத்தேன். தோளைத் தட்டி, "எப்பவும் இருக்கும்டா" என்றேன். அவன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப்பின் நான் கிளம்புகிறவரை கண்ணில் படவில்லை. நான் அதைக்கூட அப்போது கவனிக்கவில்லை, வீட்டுக்கு வந்தபின் யோசித்ததுதான்.

இது நடந்து ஏழு ஆண்டு ஆகிறது. இப்போது அவனுக்குப் பதினைந்து இருக்கும். இடையில் வேறு யாரோ அந்த சைட்டைப் புதிதாகச் செய்துவிட்டார்கள். நடுநிசி_கோடர் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு பழைய முகப்பைத் தேடிப் பார்த்தேன், இல்லை. நிம்மதியாக இருந்தது. அப்புறம் என் பழைய கோப்புகளிலிருந்து படத்தின் நேரடி முகவரியை எடுத்து அடித்தேன்.

வந்தது. பட்டன் இல்லாமல், முழுச் சிரிப்போடு.

இல்லத்துக்கு மெயில் போட்டிருக்கிறேன். என்னிடம் இருந்த முகவரிக்குப் போன மெயில் திரும்பி வந்துவிட்டது.

ஓய்வுபெற்ற_சர்வர்:

சர்வர் பேனல் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள், தம்பி. போன் நம்பர் இருந்தால் இன்றே பேசுங்கள்.