கடல் மேடையில் காற்று: நம்ம வேலூர்ப் பக்கத்து ஆட்கள் பார்த்தது

வாலாஜா ரிக்கர்:
கடலில் காற்றால் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், முதலில் என் கதை. மும்பைக்கு மேற்கே அரபிக்கடல் எண்ணெய் வயலான மும்பை ஹையில், ஒரு எண்ணெய் மேடையில் நடந்தது. பருவமழை தொடங்கும் சமயம். சப்ளை போட்டில் இறக்க ஒரு காலி கண்டெய்னரைத் தூக்கினோம். கண்ட்ரோல் ரூமில் காற்று 16 நாட், அதாவது மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். கிரேனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பெட்டி, ஆட்கள் தங்கும் லிவிங் குவார்ட்டர்ஸ் கட்டடத்தின் மூலையைத் தாண்டியதுதான் தாமதம், தானாகத் திரும்பிவிட்டது. சுமை சுற்றாமல் இழுத்துப் பிடிக்கும் கயிறான டேக் லைனைப் பிடித்திருந்தவன் ஆற்காட்டுப் பையன். கயிறு கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது, கையுறையும் கூடவே. ஆரஞ்சுக் கையுறை கயிற்று முடிச்சில் மாட்டிக்கொண்டு கடலுக்கு மேலே சுற்றுகிறது, நாங்கள் வாயைப் பிளந்து பார்க்கிறோம். கைப்பிடிக் கம்பி வளைந்ததோடு சரி.

ரிப்போர்ட்டில் ‘திடீர்க் காற்று’ என்று எழுதிவிட்டார்கள். அதுதான் இன்னும் உறுத்துகிறது. திடீரும் இல்லை, ஒன்றும் இல்லை. காற்றை அளக்கும் மீட்டர் இருப்பது டவர் உச்சியில், மறைப்பே இல்லாத இடம். கீழே கட்டடத்து மூலையில் காற்று வளைந்து வேகம் பிடிக்கும். தென்மேற்கிலிருந்து அடிக்கிற நாளெல்லாம் அந்த மூலை அப்படித்தான்.

காட்பாடி:
அண்ணே, மீட்டரைக் குறை சொல்லாதீங்க. திரையில் பெரிசாகத் தெரிவது பெரும்பாலும் சில நிமிடச் சராசரி. கஸ்ட், அதாவது இடையில் வரும் பலத்த வீச்சு, பக்கத்துக் கட்டத்தில் இருக்கும். நீங்க எதைப் பார்த்தீங்க?

என் கதை இதற்கு நேர் எதிர். ஹெலிகாப்டர் இறங்கும் தளமான ஹெலிடெக்கில் இருந்தேன். அன்றைக்குக் காற்றே இல்லை, திசை காட்டும் காற்றுப்பை துவண்டு தொங்குகிறது. வீட்டுக்குப் போகிற ஆட்களெல்லாம் பையோடு ரெடி. ஹெலிகாப்டர் வந்தது, ஒரு சுற்று சுற்றியது, திரும்பிப் போய்விட்டது. எல்லோரும் பைலட்டைத் திட்டினார்கள். காரணம் வேறு: கேஸ் டர்பைன் புகைபோக்கியிலிருந்து வரும் சூடு தள்ளிப் போகாமல் டெக் மேலேயே நின்றிருந்தது. சூடான காற்றில் இன்ஜினுக்கும் வலு குறையும், ரோட்டருக்கும் தூக்கும் சக்தி குறையும். பிரிட்டனின் ஹெலிடெக் விதி, கேப் 437, சுற்றுக் காற்றைவிட 2 டிகிரி கூடினாலே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. காற்று இல்லாத நாள் நல்ல நாள் என்று யார் சொன்னது?

ராணிப்பேட்டை சிப்காட்:
நான் தோல் ஷாப்பு நாற்றத்தில் வளர்ந்தவன். அழுகின முட்டை வாடை எனக்கு அத்துப்படி. மேடையில் எச்2எஸ் (அதே வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடு விஷவாயு) அலாரம் அடித்தபோது எல்லோரும், ஆபத்தில் கூடும் இடமான பக்கத்து மஸ்டர் பாயிண்டுக்கு ஓடினோம். மலையாளி ஃபோர்மேன் ஒருத்தர் மட்டும் நின்று காற்றுப்பையைக் கையால் காட்டி, “அங்கே போகாதே, இந்தப் பக்கம்” என்று கத்தினார். நாங்கள் ஓடிய பக்கம்தான் காற்று அந்த வாயுவைத் தள்ளிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் ஒருவன் மாஸ்க்கைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, வாடை போயிடுச்சு என்கிறான்! காற்றில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்குப் போனாலே மூக்கு மரத்துவிடும். நம் ஊர்த் தோல் கழிவுத் தொட்டியில் இறங்கியவர்களைச் சாகடிப்பதும் இதே வாயுதான்.

சத்துவாச்சாரி, ரிட்டயர்டு:
தம்பிகளா, 2021 மே 17, டவ்தே புயல். அந்த வாரம் நான் கரையில் இருந்தேன். பழகின பையன் ஒருத்தன் போனில், “சார், பார்ஜ் ஆடுது” என்றான், லைன் போய்விட்டது. பார்ஜ் என்பது ஆட்கள் தங்கும் மிதவைக் கலம். அவன் இருந்த பார்ஜ் தப்பித்தது. பி-305 என்ற பார்ஜ் தப்பவில்லை. 261 பேர் இருந்தார்கள். நங்கூரங்கள் பிடி விட்டு, அடித்துக்கொண்டு போய் மூழ்கியது. வானிலைத் துறை சில நாள் முன்பே எச்சரித்த புயல் அது.

அதனால் சொல்கிறேன். பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் கடல் வேலைக்குக் கிளம்புகிற பசங்க, தங்கப் போவது மேடையிலா பார்ஜிலா என்று முதலில் கேளுங்கள். மேடை கடலடியில் பைல் அடித்து நிற்பது, பார்ஜ் நங்கூரத்தை நம்பி மிதப்பது. ஒரே முன்னறிவிப்பு இரண்டுக்கும் ஒரே அர்த்தம் தராது. அப்புறம், காற்று எத்தனை நாட் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த உயரத்தில் அளந்தது? முன்னறிவிப்பு வழக்கமாக 10 மீட்டர் உயரத்துக்குச் சொல்வது, டவர் உச்சியில் அதைவிடக் கூடவே காட்டும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு. 20 நாட் காற்றில் சமாளித்தோமே, 40ல் கொஞ்சம் கஷ்டப்படும், அவ்வளவுதானே என்று நினைக்கிற சூப்பர்வைசர் எனக்குக் கீழேயே இருந்தார். அலை உயரத்தையும் தனியாகக் கேளுங்கள். காற்று அடங்கியும் அலை அடங்காத நாள் உண்டு, போட்டிலிருந்து ஆளை ஏற்றி இறக்கும்போது கால் போவது அப்போதுதான். வேலூர் வெயிலைத் தாங்கியவன் எதையும் தாங்குவான் என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். கடல் அதைக் கேட்காது. வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல் பாக்ஸ் மீட்டிங்கில் வாயைத் திறந்து கேளுங்கள், கேட்டால் வேலை போகும் என்று பயப்படாதீர்கள்.

காட்பாடி:
சார், கேட்டு வேலை போன ஆள் எனக்குத் தெரியும்.

வாலாஜா ரிக்கர்:
காட்பாடித் தம்பி, நான் பார்த்தது சராசரிதான். கஸ்ட் 22 காட்டியதாக அப்புறம் சொன்னார்கள். எங்கள் கிரேனுக்கு அதுவும் எல்லைக்குள்தான். அதனால்தான் மூலையிலும் ஒரு மீட்டர் வைக்கச் சொல்லிக் கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை. உங்கள் மேடையில் எங்கேயாவது அப்படி வைத்திருக்கிறார்களா? சத்துவாச்சாரி சார், நான் கேட்டது அறிவுரை இல்லை.