ஃப்ரீசரில் இருப்பதை வைத்துக்கொள்ளலாமா, தூக்கிப் போடுவதா?

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிள்ளைகளோடு நகரத்தைச் சுற்றிவிட்டு (கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம், கால் இன்னும் வலிக்கிறது) நேற்று இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பினோம். சனி மதியமே கரண்ட் போய்விட்டதாம், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். எப்போது வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. மைக்ரோவேவ் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடி 5:40 காட்டியது. அப்படியானால் ஞாயிறு நான்கு மணி வாக்கில்தான் வந்திருக்கும். கிட்டத்தட்ட 28 மணி நேரம்!

மூடியே இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48, பாதி நிறைந்தது 24. அதனால் பால், சமைத்து வைத்தது எல்லாவற்றையும் யோசிக்காமல் கொட்டிவிட்டேன். சிக்கல் ஃப்ரீசர்தான். முக்கால்வாசி நிறைந்திருந்தது. மேல்தட்டில் ஐஸ் கட்டிகள் உருகி, மறுபடி ஒரே பாளமாக உறைந்திருக்கின்றன. அடியில் இருந்த இறைச்சிப் பொட்டலங்களோ வடிவம் மாறாமல் கல் மாதிரி இருக்கின்றன. மோந்து பார்த்து முடிவு செய்கிற விஷயமில்லை இது. அடித்தட்டை மட்டும் நம்பலாமா? இப்படி மாட்டியவர்கள் என்ன செய்தீர்கள்?

அப்புறம், வெளியே இருக்கும்போதே வீட்டில் கரண்ட் போனதைச் சொல்லும் கருவி ஏதாவது பயன்படுத்துகிறீர்களா? வைஃபையும் சேர்ந்து அணைந்துவிடுமே, அதுதான் குழப்பம்.