புளியரை மனைக்குப் பள்ளம் தோண்டிய கணக்கு: புதுப்பிப்பு

செங்கோட்டை பக்கம் புளியரையில் வீடு கட்டும் மனைக்கு, ரோட்டிலிருந்து 60 மீட்டர் பள்ளம் தோண்டித் தண்ணீர்க் குழாயும் மின் கேபிளும் கொண்டுவர என்ன ஆகும் என்று கேட்டிருந்தேன். வேலை முடிந்தது. ஜேசிபி மணிக்கு 1,300 ரூபாய். நான்கு மணி நேரம் என்று நினைத்தேன். பாறை தட்டி ஒன்பதாகிவிட்டது, 11,700 ரூபாய். மலையடிவாரத்தில் வேறென்ன கிடைக்கும்! அதில் சாரல் வேறு. கேபிளை முக்கால் மீட்டர் ஆழத்தில், மணல் மெத்தை மேல் போட்டோம். அதன் மேலும் மணல், அப்புறம் செங்கல் வரிசை: நாளைக்கு யாராவது மண்வெட்டி போட்டால் முதலில் செங்கல்தான் தட்டும். இரண்டுக்கும் ஒரே பள்ளம் போதும் என்று அப்போது பதில் சொன்ன அண்ணாச்சிக்கு நன்றி. குழாயைக் கேபிளோடு ஒட்டாமல் தள்ளிப் போட்டேன். சிமெண்ட் ரோட்டை வெட்ட ஊராட்சியில் கட்டிய பணத்தைத்தான் நான் முதலில் போட்ட கணக்கிலேயே சேர்க்கவில்லை. மண் மூடுமுன் அளவு டேப் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டேன்.