காவோலை இல்லாத பனை

குரும்பூர்ப் பக்கம் ரயில் ஜன்னலில் தெரிகிற காட்சியை 1:160 அளவில் மேசை மேல் மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். திருச்செந்தூர்ப் பாதை அகலப் பாதையான பிறகு உள்ள காட்சி. ரயில் பெட்டியை வாங்கிவிடலாம், பனையை வாங்க முடியாது. கிடைக்கிற பிளாஸ்டிக் மரமெல்லாம் தென்னைச் சாடை. தென்னை மட்டை வளைந்து தொங்கும். பனையோலை விசிறி விசிறியாக நாலா பக்கமும் விறைத்து நிற்க, தலை உருண்டையாகத் தெரியும்.

20 மீட்டர் பனைக்கு 12.5 செ.மீ. வரும். ரயில் பெட்டியின் உயரம் இரண்டரை செ.மீ.தான் என்பதால் பலர் மரத்தைக் குறைத்துவிடுகிறார்கள். குறைக்காதீர்கள். பனங்காட்டுக்குள் போகிற ரயில் சின்னதாகத்தான் தெரியும்.

மூங்கில் குச்சியை நுனி மெலிய இழைத்து, தையல் நூலை இடைவெளி விட்டுச் சுற்றிப் பசை பூசினேன். மட்டை விழுந்த வளையத் தழும்பு வந்துவிடும். அடியில் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அப்பினால் தூர் பெருக்கும். நிறம் பழுப்பு அல்ல, சாம்பல் கலந்த கறுப்பு. ஓலைக்கு 1 செ.மீ. காகித வட்டம்: ஓரத்தைக் கீறி, மடித்து விசிறியாக்கி, வயருக்குள் இருக்கும் செம்பு இழையில் ஒட்டணும். மரத்துக்கு முப்பது. எட்டு மரத்துக்கு ஒரு மாசம் ஓடிவிட்டது.

முடித்ததும் எங்கள் தெருத் தாத்தாவைக் கூட்டி வந்து காட்டினேன். நாற்பது வருஷம் பனையேறினவர். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னய்யா, எல்லாப் பனையும் ஓலை கழிச்சு சுத்தமா நிக்கு? அத்தனைக்கும் ஏற ஆள் இருக்கா உன் ஊர்ல?"

பதனிக்கு ஏறுகிற மரத்தில்தான் காய்ந்த ஓலையைக் கழிப்பார்கள். ஏறாத மரத்தில் காவோலை கழுத்தைச் சுற்றித் தொங்கிக்கொண்டே கிடக்கும். ரயில் பாதையோரம் இன்றைக்கு நிற்பவை முக்கால்வாசி அப்படித்தான். எத்தனை தடவை அந்த ரயிலில் போயிருப்பேன், கண்ணில் படவே இல்லை.

"வடலி ஒண்ணையும் காணுமே" என்றார் அடுத்து. அதுவும் சரி. வடலி என்றால் இளம் பனை. அதற்குத் தண்டு வேண்டாம், தரையிலிருந்தே விசிறி.

ஆறு மரத்துக்குப் பழுப்புக் காகித ஓலையைக் கீழ்நோக்கி ஒட்டினேன். ஊரோரத்து இரண்டு மட்டும் ஏறுகிற பனை. அவற்றின் பாளை நுனியில் கடுகுக்கு மண் நிறம் பூசிக் கலயமாக ஒட்டினேன். இந்த அளவுக்குக் கடுகு கச்சிதம். தாத்தா அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

இதைப் படித்துவிட்டு உடன்குடிப் பக்கத்து அன்பர் எழுதியது:

அண்ணாச்சி, நம்ம செம்மணல் தேரிக்காடும் வருதுன்னா உடைமரம்ங்கிற முள்மரத்தை விட்டுராதீங்க. செம்பு இழையைக் கத்தையா முறுக்கி, மேல குடை மாதிரி தட்டையா விரிக்கணும். ஆடு எட்டுற உயரத்துல இலையே வைக்காதீங்க, அடியில வெளிச்சம் தெரியணும். நான் தேரி மண்ணையே வேட்டித் துணியில சலிச்சுப் போட்டேன். சலிக்காட்டி மணல் ஒவ்வொண்ணும் கல்லாத் தெரியுது. பசைத்தண்ணி பட்டா சிவப்பு கருத்துப்போகுது. அது காயுமுன்ன மேல கொஞ்சம் மண்ணைத் தூவிருங்க.